பத்துக்கு எட்டு

1. வாளி

திங்கட்கிழமை. கவுன்டரைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு பெண் பிளாஸ்டிக் வாளி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் தொப்பென்று வைத்தாள். வாளியின் கைப்பிடி ஒடிந்து போய், பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. உள்ளே வாய் வரைக்கும் பத்து ரூபாய் நாணயங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வடை வாசம் அடித்தது.

"கம்மலத் திருப்ப வந்திருக்கேன் யக்கா. எண்ணிக்கோங்க. ரெண்டாயிரம் காசு இருக்கு, ஒண்ணு குறையாது."

அவள் பெயர் முத்துப்பேச்சி. பந்தல்குடி தாண்டி, தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் ஒதுங்கும் இடத்தில் தள்ளுவண்டியில் டீயும் வடையும் போடுகிறவள். அந்த வண்டியும் அடுப்பும் வாங்குவதற்காகத் தன் அரைப் பவுன் கம்மலை எங்கள் கிளையில் அடகு வைத்திருந்தாள். தவணை தப்பி, கெடுவும் தாண்டி, வரும் வியாழக்கிழமை ஏலம் என்று நோட்டீஸ் போயிருந்தது. அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கொண்டு வந்தது இருபதாயிரம். கணக்கு நேர்.

நான் அப்போது அந்தக் கிளையில் கேஷியர். வங்கி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சர்வீஸில் எனக்குக் கிடைத்த மாறுதல்களில் பாதி அந்தக் கோபத்தால் கிடைத்தவை. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருந்த இந்தக் கிளைக்கு வந்ததும் அப்படித்தான்.

நான் காசைக் கொட்டி எண்ணுவதற்கு டிரேயை எடுத்தேன். மேனேஜர் கேபின் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். சின்ன வயது. வெளியூர்.

"மேடம், அது வேண்டாம். எண்றதுக்கு ஆள் இல்ல. வாங்கி வச்சா வெளிய யாரு வாங்குவா? பெட்டகத்துலதான் கெடக்கும். நோட்டாக் கொண்டு வரச் சொல்லுங்க."

"எண்றதுக்கு நான் இருக்கேன் சார். அதுக்குத்தான சம்பளம் வாங்குறேன்."

"இது என்னோட பிராஞ்ச் மேடம்."

நான் எழுந்து கேபினுக்குள் போனேன். அரசாங்கம் அடித்த காசை வங்கியே வேண்டாமென்றால் அதைக் குளத்திலா போடுவது என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே, "மாசக் கடைசி வேலை நெறைய இருக்கு மேடம்" என்றார். சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தால் வாளியும் இல்லை, அவளும் இல்லை. மேனேஜரே சொல்லிவிட்ட பிறகு கேஷியர் பேச்சு எடுபடாது என்று நினைத்திருப்பாள்.

2. செல்லாது என்று யார் சொன்னது?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது. யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. காசின் மேல் கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளம் என்று எவனோ கிளப்பிவிட்டான். பிறகு எந்தக் கோடு போட்டிருந்தாலும் கள்ளம் என்றாகிவிட்டது. எல்லா வடிவமும் செல்லும் என்று மேலிடத்திலிருந்து எத்தனையோ தடவை அறிவித்தாயிற்று. எங்கள் கிளையில் கேபின் கதவுக்கு மேலேயே அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன் அடியில் நின்றுகொண்டுதான் மேனேஜர் வேண்டாம் என்றார்.

டீக்கடையில் நீட்டினால், "நான் வாங்குவேன் மேடம், அடுத்தவன் என்கிட்ட வாங்க மாட்டேங்கிறான்" என்பான். அந்த அடுத்தவனிடம் போனால் அவனும் அதையேதான் சொல்வான். ஊரில் ஒருத்தன்கூடத் தான் வாங்க மாட்டேன் என்று சொன்னதில்லை. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் காசு மட்டும் செல்லாது. கடைசியில் உண்டியலில் கொண்டு போய்ப் போட்டார்கள். சாமி ஒருவர்தான் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

முத்துப்பேச்சிக்கு இந்த வம்பு வேறு வழியாக வந்தது. அவளிடம் வடை தின்பவர்கள் லாரிக்காரர்கள். வடக்கேயிருந்து லோடு கொண்டு வருகிறவர்கள். அவர்கள் ஊரில் இந்தக் காசு தண்ணீராக ஓடுகிறது. இங்கே வந்ததும் அதைத்தான் நீட்டுவார்கள். தின்ற பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கினாள். மாவுக் கடையிலும் காஸ் ஏஜென்ஸியிலும் அதை வாங்கவில்லை. எவன் வாங்காவிட்டாலும் வங்கி வாங்கும், கம்மலைத் திருப்ப ஆகும் என்று வாளியில் போட்டு வைத்தாள். அந்த ஊரிலேயே வங்கியை நம்பிய ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

3. ரெண்டு ரூபாய் என்ன பெரிசு?

மறுநாள் மத்தியானம் வந்தாள். வாளி இல்லை. கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

"பதினாறாயிரம் இருக்குக்கா. மிச்சம் நாலாயிரத்துக்கு ஒரு மாசம் தவணை கேட்டு மேனேஜர் அய்யாவப் பாக்கணும்."

"இருபதாயிரம் இருந்துச்சே, மிச்சம் எங்க?"

"எதுத்தாப்புல மளிகைக்கடை மொதலாளி மாத்திக் குடுத்தாக. அவுக மட்டுந்தான் இந்தக் காச வாங்குறாக. பத்துக்கு எட்டு. நல்லவுகதான்க்கா. பத்துக்கு ரெண்டு ரூவாதான கழிக்காக, ரெண்டு ரூவா என்ன பெரிசு?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ரெண்டு ரூபாய் என்ன பெரிசாம்!

"ஒரு வடை என்ன வெலைக்கு விக்கிற?"

"பத்து ரூவா."

"பருப்பு, எண்ணெய், காஸு, எல்லாம் போக உனக்கு என்ன நிக்கும்?"

யோசித்தாள். விரலை மடக்கினாள். "எண்ணெய் வெல ஏறிப்போச்சு. ரெண்டு ரூவா நின்னாப் பெரிசு."

"அந்த ரெண்டைத்தான் அவன் எடுத்துக்கிட்டான்."

அவள் கையிலிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கவுன்டரில் உட்காரப் போகும் பிள்ளைகளே, விகிதம் என்பது பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்குவதற்காகப் படித்த பாடம் அல்ல. பத்துக்கு இரண்டு என்று சொன்னால் சில்லறை மாதிரித் தெரியும். இரண்டாயிரம் காசுக்கு அது நாலாயிரம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அவள் அடுப்பு முன்னால் நின்று சுட்ட இரண்டாயிரம் வடைக்கும் கூலியே இல்லை என்று அர்த்தம்.

முதலாளி பக்கத்துக் கணக்கு இன்னும் மோசம். அவளுக்கு நஷ்டம் ஐந்தில் ஒன்று என்றால் அவருக்கு லாபமும் ஐந்தில் ஒன்று என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அவர் போட்ட முதல் எட்டு, எடுப்பது பத்து. எட்டுக்கு இரண்டு என்றால் நாலில் ஒன்று. நூற்றுக்கு இருபத்தைந்து. நாங்கள் நகைக்கடனுக்கு ஒரு வருஷம் முழுக்க வாங்குகிற வட்டியைவிட அது எவ்வளவோ அதிகம். அவருக்கு அது ஒரே ராத்திரியில் கிடைக்கிறது. அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் காசை வங்கியில் கொண்டு வந்து கட்டுவது மட்டும்தான்.

4. அதே வாளி

மேனேஜர் போனில் இருந்தார். முத்துப்பேச்சி பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். அப்போது மளிகைக்கடை லோடுமேன் ஒருவர் தோளில் சுமையோடு உள்ளே வந்தார். பின்னால் முதலாளி, வெள்ளை வேட்டியும் சட்டைப்பையில் செல்போனுமாக. நேரே கேபினுக்குள் போய் உட்கார்ந்தார். மேனேஜர் போனை வைத்துவிட்டு வெளியே வந்து, "மேடம், மொதலாளியோட கரன்ட் அக்கவுன்ட்ல கட்டணும். கொஞ்சம் காயின்ஸ் இருக்கு. எண்ணி வாங்கிருங்க" என்றார்.

லோடுமேன் சுமையை இறக்கினார். ஒடிந்த கைப்பிடி. பச்சைச் சேலைக் கிழிசல்.

"ஏ, அது என் வாளில்ல!" என்று பெஞ்சிலிருந்து முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள்.

வாளியைக்கூட மாற்றவில்லை! மற்றதையெல்லாம் ஒரு வழியாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இவளையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள், கேட்டாலும் யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்கிற அந்தத் திமிர்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

"சார், நேத்து இந்தக் காசை எண்றதுக்கு ஆள் இல்லைன்னீங்க. இன்னைக்கு ஆள் எங்க இருந்து வந்துச்சு?"

"மேடம், அவுங்க பெரிய பார்ட்டி. டெபாசிட் வச்சிருக்காங்க."

"அப்ப பத்து ரூபா அவர் கையில இருந்தாப் பத்து, இவ கையில இருந்தா எட்டா?"

ஹாலில் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பாஸ்புக்கை மடக்கிவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். முதலாளி கேபினிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன மேடம், சத்தம் போடுறீக? நான் என்ன வலுக்கட்டாயமாவா வாங்குனேன்? இந்தத் தாயிதான் தூக்கிட்டு வந்துச்சு. ஊருல எவனும் தொடாத காசு. ரிஸ்க் எடுத்து வாங்கியிருக்கேன்."

"என்ன ரிஸ்க்? உங்க கடையில இருந்து இங்க வர ரோட்டைத் தாண்டணும். அந்த ரிஸ்க்கா? அதுக்கா நாலாயிரம்?"

யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. நான் விடவில்லை. "இந்தப் பிள்ளைகிட்ட நீங்க குடுத்த பதினாறாயிரம் அப்படியே இருக்கு. அதை வாங்கிக்கிட்டு வாளியக் குடுத்துருங்க. உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்ல."

முத்துப்பேச்சி என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "விட்டுருங்கக்கா. இவுக கடையிலதான் பருப்பும் மாவும் கடனுக்கு எடுக்கிறேன். நாளைக்கு அடுப்பு எரியணும்ல."

அதைக் கேட்டதும் என் கோபம் இரண்டு மடங்காயிற்று. இவளுடைய காசை எட்டாக்கியவரே இவளுக்குக் கடன் கொடுப்பவரும்கூட. அப்புறம் அவள் எங்கே வாயைத் திறப்பாள்? அவளிடம் பேசிப் பயனில்லை என்று மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"சார், ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. நேத்து வேண்டாம்னு சொன்ன காசை இன்னைக்கு வாங்கச் சொல்றீங்க. ஏன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் எண்ணிக் கட்டிக்கிறேன். இல்லைன்னா இந்தப் பிள்ளை காசை அது கடனுக்கு வரவு வைக்கச் சொல்லுங்க."

வங்கியில் இருபது வருஷம், முப்பது வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும். வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லும் அதிகாரி, எழுதிக் கொடு என்றால் மட்டும் எழுத மாட்டார். மேனேஜர் முதலாளியைத் தோளில் கைபோட்டுக் கேபினுக்குள் அழைத்துப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது முதலாளி யாரையும் பார்க்கவில்லை. முத்துப்பேச்சியின் கையிலிருந்த தாள்களை வாங்கி, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் வைத்தார்.

"நாளையில இருந்து கடையில கடன் கேட்டு வந்து நிக்காத."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லோடுமேன் மட்டும் போகிற போக்கில் வாளியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

5. மீதி

நான் எண்ணினேன். பத்துப் பத்தாக அடுக்கி, நூறு நூறாகக் கட்டினேன். அவள் சொன்னபடியே ஒன்றுகூடக் குறையவில்லை. கணக்கை முடித்து, பெட்டகத்திலிருந்து கம்மலை எடுத்து வந்து கொடுத்தார்கள். அங்கேயே நின்று மாட்டிக்கொண்டாள். திருகாணி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மீதி ஐம்பது ரூபாய். அடுக்கிலிருந்து ஐந்து காசை எடுத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"இது வேண்டாம்க்கா. நோட்டா இருந்தாக் குடுங்க. வெளிய எவனும் வாங்க மாட்டான்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் அதுதான். மேனேஜர் மேல் வந்ததும் முதலாளி மேல் வந்ததும்கூட அதற்கு அடுத்தபடிதான். இரண்டாயிரம் காசுக்காக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்போது இவளே அது செல்லாது என்கிறாள்!

"ஏம்மா, எவனும் வாங்க மாட்டான்னு நீயே சொன்னா, அப்புறம் எவன் வாங்குவான்? பிடி இதை. நாளைக்கு எவனாவது வடைக்கு நோட்டு நீட்டினா மீதிக்கு இதக் குடு. வாங்க மாட்டேன்னா, கடிச்ச வடையா இருந்தாலும் பரவால்ல, கையில இருந்து பிடுங்கு."

ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஐந்தையும் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும், கவுன்டருக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் எதையும் நான் பெட்டகத்தில் தூங்க விடவில்லை. பென்ஷன் வாங்க வந்தவர், நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் நாலு காசாவது திணித்து அனுப்பினேன். திட்டினார்கள். நானும் திட்டினேன். நான் கற்ற பாடம் இதுதான். காசைத் திருப்பி அனுப்பாமல் வாங்குவது உங்கள் வேலையில் பாதி. அதை மறுபடி ஊருக்குள் ஓட விடுவது மற்ற பாதி. பத்து ரூபாயைப் பத்து ரூபாய் என்று சொல்ல நீங்கள் கூச்சப்பட்டால், எட்டு என்று சொல்வதற்கு எதிர்க்கடையில் ஒருவர் கல்லாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார்.