அவர் சொன்ன ‘வீ’

முட்டாள்தனத்தில் எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை, எல்லாம் சுயமுயற்சி. 2006 வாக்கில், அமெரிக்காவில் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில், என்னைப் போன்றவர்கள் வேண்டாம் என்ற ஒருவருக்காக நானே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன்.

நாங்கள் வீடு வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் பின்தெருவில் புது வீடுகள் முளைத்து நம்மூர் ஆட்கள் குடிவந்ததும் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அன்ரிசர்வ்டு பெட்டியில் முண்டியடித்து ஏறியவன், ஏறிய கையோடு கதவை மறித்துக்கொண்டு “இடமில்ல, அடுத்த பெட்டிக்குப் போ” என்பானே, அவன்தான் நான். கோயிலில் கார் நிறுத்த இடம் கிடைக்காவிட்டாலும் ‘எல்லாம் இந்தப் புது ஆட்களால்’ என்பேன்.

அப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. எதிர்வீட்டு டெக்சாஸ்காரர் தலைவர் பதவிக்கு நின்றார். புதிதாக வருகிறவர்கள் இஷ்டத்துக்கு இருக்கிறார்கள், இந்த இடத்தை மீட்க வேண்டும் என்றார். வேலியோரம் என் தோளில் கைபோட்டு, “வீ வேர் ஹியர் ஃபர்ஸ்ட்” என்றார். ‘நாமதான் முதல்ல வந்தோம்’ என்று என் காதில் விழுந்தது. ஆபீஸில் என் பெயரைக்கூட ஒருவரும் ஒழுங்காகச் சொல்லாத ஊரில், ஒருத்தர் என்னையும் சேர்த்துக்கொண்டார். வேறென்ன வேண்டும்? அவர் பெயர்ப் பலகையை எங்கள் புல்வெளியில் நட்டேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“அவரு சொல்ற புது ஆளுங்க யாருங்க?”

“பின்தெருக்காரங்க. நாம பழைய ஆளுங்க.”

“ரெண்டு வருஷப் பழசு. நம்ம ஊறுகாக்கு அதவிட வயசாச்சு.”

அவர் ஜெயித்தார். அடுத்த சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று, மனைவியைக் காபி போடச் சொன்னேன். அவரோ வாசலில் குவிந்து கிடந்த எங்கள் செருப்புகளையே பார்த்தார். வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் தீர்மானமாம். புதிதாக வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்று என்னிடமே அன்பாக விளக்கி, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் செருப்புகளை மார்போடு அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.

“வீ-ன்னுதானே சொன்னாரு? என் காதால கேட்டேன்.”

அவருக்காகப் போட்ட காபியைக் குடித்தபடி மனைவி சொன்னாள்:

“அது ‘நாம’ இல்ல, ‘நாங்க’.”