என் பெயர் வீக்காம்

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் கணவரின் எல்லாக் கணக்குகளுக்கும் கடவுச்சொல் என் பெயர்தான். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

இன்று காலை மகளின் பள்ளிக்கூட மின்னஞ்சலைப் பார்க்க அவருடைய லப்டொப்பில் என் பெயரைத் தட்டினேன். திறக்கவில்லை.

"என்னப்பா, என்ர பேரைப் போட்டும் திறக்குதில்லை?"

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார்.

"ஓமப்பா, ஓர்ஸ் ஹில் ஒஃபிஸில எல்லாருக்கும் பாஸ்வேர்ட் மனேஜர் போட்டுத் தந்தவை. அது உங்கட பேரைச் சிவப்பில காட்டி, சரியான வீக் எண்டு சொல்லிச்சு. எல்லாத்தையும் மாத்திப்போட்டன்."

பிறகு பிரவுசரின் மூலையிலிருந்த சின்னப் பூட்டை அழுத்தி ஏதோ தட்டினார்.

"இதென்ன?"

"மாஸ்டர் பாஸ்வேர்ட். இது ஒண்டைத்தான் இனி நான் ஞாபகம் வச்சிருக்கோணும். ஆருக்கும் சொல்லக்கூடாதாம்."

"எனக்குமோ?"

"உங்களுக்கும்தான்."

எட்டிப் பார்த்தேன். வெறும் புள்ளிகள். என் பெயரோ சின்னப் பெயர். புள்ளிகள் அடுத்த ஊர் பாலையூற்று வரைக்கும் நீண்டுகொண்டு போயின.

மனிதருக்கு என் பிறந்தநாளே ஞாபகம் நிற்காது. இவ்வளவு நீளத்துக்கு யாரை மனதில் வைத்திருக்கிறார்?

நீளமான பெயருள்ள தோழிகள் எல்லோரும் தயவுசெய்து கொமென்ட்டில் வந்து கையைத் தூக்குங்கள்.