கோசிகா தேருக்கு வராத ஆண்டு

வெம்பிளியில் இரட்டைத்தட்டு பஸ் ஓட்டும் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி. பெயர் கோசிகா, வயது முப்பத்தெட்டு. ஐந்தடி உயரமும் இல்லை. சாரதிப் பரீட்சையில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை தேறியவள். கணவன் சுஜீத் தன் தமையனின் கடையில் நிற்கிறான். அவளையும் அங்கே கல்லாவில் இருக்கச் சொன்னார்கள். "கடைக்குள்ள இருந்து றோட்டைப் பாக்கிறதுக்கு றோட்டிலயே நிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனாள்.

திருவிழாக் காலத்தில் எங்கள் கோயில் அன்னதானச் சமையல் என் பொறுப்பு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவளுக்குப் பெரிய சட்டிகளும் ஆட்களை மேய்ப்பதும் புதிதல்ல. சமையலுக்குப் பெண்கள் பெயர் கொடுப்பார்கள். தினமும் யாராவது குறைவார்கள். "இந்தக் கிழமை ஏலாது அன்ரி" என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. மாதவிலக்கு நாளில் கோயிலுக்குள் வருவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு கோசிகா மட்டும் கொடியேற்றத்திலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. அதற்கு முந்திய ஆண்டு தேரன்றைக்கென்று பார்த்து மாதவிலக்கு வந்து, கோயிலுக்கு வர முடியாமல் அழுதவள். அதனால் சென்ற முறை அவளுக்குப் பெரிய சந்தோஷம். "அம்மன் என்னைத் தள்ளி வைக்கேல்லை அன்ரி" என்றாள். எனக்கும் ஒரு கை குறையாததில் சந்தோஷம்தான்.

ஆனால் அவளுக்கு உடம்பு சரியில்லை. திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறி முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள். சமையலறையில் எல்லோரும் வியர்த்துத்தான் நின்றோம், ஆகவே ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

"புருசனை நினைச்சுக்கொண்டு போட்டியோ?" என்று கேட்டாள் பாலாம்பிகை. மரக்கறி வெட்டுகிறவள், அவளுடைய வாய் கத்தியைவிட வேகம்.

"அந்தாளை நினைச்சிருந்தா மிளகாயெல்லோ போட்டிருப்பன், பாலாக்கா."

சிரித்தோம். பூசணிக்காய் வெட்டும்போது கோசிகா என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாக மற்றதைச் சொன்னாள். முந்திய கிழமை, கோயிலடிச் சந்தியில், நாள்தோறும் இடப்பக்கம் திரும்புகிற இடத்தில், திரும்ப மறந்து நேரே போய்விட்டாளாம். பஸ் நிறைய ஆட்கள். ஒரு கிழவர் கத்திய பிறகுதான் தெரிந்ததாம்.

"மூளைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குது அன்ரி. நித்திரையும் இல்லை. பஸ்ஸால ஒருத்தரை அடிச்சுப்போட்டு அழேலாது. திருவிழா முடிய மனேச்சரிட்டச் சொல்லிப்போட்டு ஓட்டத்தை விடப்போறன்."

"பிறகு?"

"பிறகென்ன, கல்லாதான்."

டொக்டரிடம் போனாயா என்று கேட்டேன். வசந்த காலத்திலேயே போயிருக்கிறாள். சூடு, நித்திரையின்மை, மறதி, விரல் மூட்டு வலி எல்லாம் சொல்லியிருக்கிறாள். தைரொயிட், இரும்புச்சத்து பார்த்தார்கள், குறையில்லை. ஷிப்ட் வேலையால் வந்த களைப்பாக இருக்கலாம், மாறாவிட்டால் திரும்ப வாருங்கள் என்றார்கள். அவள் திரும்பப் போகவில்லை.

தேருக்கு முதல் நாள் சமையலுக்கு ஆள் பாதிதான் வந்தது. பாலாம்பிகை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாருக்கும் லீவு. இந்தப் பஸ்காரிக்கு மட்டும் ஒரு மாதமும் லீவு இல்லை. நேர்த்திக்கடன் ஏதும் வைச்சனியோடி? எனக்கும் சொல்லித் தாவன், என்ர மகளுக்கு உதவும்."

கோசிகாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. தேங்காய்த் துருவலைத் தட்டில் வைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே போனாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கடைசியா எப்ப வந்தது எண்டு நினைவில்லை அன்ரி. பொங்கலுக்கு முதல் எண்டு நினைக்கிறன்."

"பிள்ளை கிள்ளை…?"

"இல்லை. அப்பவே டெஸ்ட் பண்ணிப் பாத்தனான். இல்லை எண்டவுடனை நிம்மதி எண்டு விட்டிட்டன்." தன் விரல் மூட்டுகளைத் தடவிப் பார்த்தாள். "எங்கட பஸ் கராஜ் கன்ரீனில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மெனோபோஸ், அதுதான் மாதவிலக்கு நிக்கிறது பற்றி. நரைச்ச தலையோட ஒரு மனுசியின்ர படம். சூடு, மறதி, மூட்டு வலி எண்டு பக்கத்தில எழுதியிருக்கு. தேத்தண்ணி குடிக்கேக்க எல்லாம் வாசிச்சனான். பாவம் மனுசி எண்டு நினைச்சன்."

அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவளேதான் கண்டுபிடித்தாள். அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

"டொக்டரிட்ட மாதவிலக்கு நிண்டதைச் சொன்னனியோ?"

"அதை ஏன் சொல்லுறது? அது ஒரு வருத்தமே? நல்ல விசயமெல்லோ எண்டு இருந்தன்."

எங்களில் ஒருத்திக்குத்தான் இந்தப் பிழை நேரும். கோயிலுக்கு ஏலாத நாள் இல்லாமல் போவதை வரமாக எண்ணுகிறவள், அதை எப்படி டொக்டரிடம் முறையிடுவாள்?

டொக்டரிடம் இரண்டாம் முறை போனபோது அதைத்தான் முதலில் சொன்னாள். அந்தப் பெண் டொக்டர், கதிரையை அருகே இழுத்துக்கொண்டு கேட்டாராம். இரத்தம் எடுத்தார்கள், சில கிழமை இடைவெளி விட்டு மீண்டும் எடுத்தார்கள். இரண்டு தரமும் ஒரே முடிவு. நாற்பது வயதுக்கு முன்னரே, கருமுட்டை தரும் சூலகம் வேலையைக் குறைத்துவிட்டது. சிலருக்கு இப்படி வரும், காரணம் பெரும்பாலும் தெரியாது என்றார். இனி இன்னொரு பிள்ளை கிடைப்பது அரிது என்றும் சொன்னார். அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அன்று சுஜீத் கடைக்குப் போகவில்லை; இருவரும் அழுதார்கள். மறுநாள் அவள் மருந்துக்கடைக்குப் போனாள்.

ஹோர்மோன் மருந்து. தோலில் ஒட்டுகிற துண்டு ஒன்று, அதோடு மாதத்தில் சில நாள் விழுங்க ஒரு குளிசை. சுஜீத்துக்குப் பயம்.

"இஞ்சேரப்பா, உது கான்சரைக் கொண்டு வரும் எண்டு அண்ணி சொல்லுறா."

"அண்ணி அரிசியைப் பற்றிச் சொன்னாக் கேப்பன். இதை நான் டொக்டரிட்டக் கேட்டனான். ஐம்பது வயது மட்டும் உடம்பு தானாத் தரவேண்டியதைத்தான் இது தருது. எடுக்காட்டித்தான் எலும்புக்கும் இருதயத்துக்கும் கூடாது."

எலும்பு என்றால் எனக்கு விளங்கும். இடுப்பு முறிந்து வந்த கிழவிகளை எத்தனை வருடம் தூக்கி இருத்தியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் அந்தப் பாதையில் அவளை விடக்கூடாது. எலும்பு ஸ்கானும் எடுத்தார்கள். கொஞ்சம் மெலிவு, முறியும் அளவுக்கு இல்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவள் மனேச்சரிடம் போன விதம். வேலையை விடுகிறேன் என்று சொல்லப்போனவள், "எனக்கு இன்ன வருத்தம், மருந்து தொடங்கியிருக்கிறேன், தெளியும்வரை ஓட்டமாட்டேன், தெளிந்ததும் ஓட்டுவேன்" என்று ஆண்கள் நிறைந்த கராஜில் நிமிர்ந்து நின்று சொன்னாள். அதுவரை கராஜில் வேறு வேலை கொடுத்தார்கள். சூடு சில கிழமையில் தணிந்தது. நித்திரை வந்தது. மூளையின் பஞ்சு கடைசியாகத்தான் போனது. தை பிறந்தபோது, பரிசோதகர் ஒருவர் பக்கத்தில் நிற்க, மீண்டும் சாரதி இருக்கையில் ஏறினாள். கன்ரீன் நோட்டீஸில் நரைத்த மனுசியின் படத்துக்குக் கீழே தடித்த பேனையால் "38-இலும் வரும்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

இந்த ஆண்டு தேரன்று காலை, நான் அரிசி களையும்போது போன் வந்தது.

"அன்ரி, நான் இண்டைக்குக் கோயிலுக்கு வரேலாது."

"ஷிப்டோ?"

"ஷிப்ட் பிறகுதான் கேட்டு எடுத்தனான். அதுக்கு முதலே மாதவிலக்கு வந்திட்டுது!" அவள் சிரித்தாள். அந்த மருந்து எடுத்தால் மாதாமாதம் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தேரைத் தவறவிட்டதற்கு ஒரு பெண் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சமையலறையில் சொன்னேன். "வந்திட்டுதாம்!" என்று பாலாம்பிகை கத்திய கத்தலில் வாசலில் நின்ற ஆண்கள் தேர் வந்துவிட்டதாக நினைத்து ஓடினார்கள்.

தேர் கோயிலடிச் சந்திக்கு வந்தபோது பொலிஸ் வாகனங்களை மறித்தது. முன்வரிசையில் ஒரு சிவப்பு பஸ். உள்ளே கோசிகா. எஞ்சினை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே கைகூப்பினாள். பாலாம்பிகை மோர்க் குவளையோடு சாரதி ஜன்னலடிக்குப் போனாள்.

"பிரசாதமில்லையடி, தாகத்துக்குத்தான். குடி."

"ஓடேக்க குடிக்கக் கூடாது பாலாக்கா."

"எங்கை ஓடுது? அம்மன் மறிச்செல்லோ வைச்சிருக்கிறா."

வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். தேர் தாண்டியதும் பொலிஸ்காரர் கை காட்டினார். கோசிகா கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், அந்தப் பெரிய வண்டியை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.