எங்களுக்காகப் பட்டினி இருந்தவர்கள்

சனிக்கிழமை மாலைகளில், நாங்கள் தங்கியிருந்த கிறிஸ்தவ ஆலயத்தின் மண்டபத்தில் நாற்காலி போடுவது என் கணவரின் வேலை. யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவராக எடுத்துக்கொண்டது. தங்க இடம் கொடுத்தவர்களுக்கு வாயால் நன்றி சொல்லத் தெரியாத மனிதர் அவர். ஒரு சனிக்கிழமை பாதி வரிசையில் நாற்காலியை விரித்தவர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். "களைக்குது" என்றார். ஒரு மாதமாக இருந்த இருமலை அன்றுதான் நான் காதில் வாங்கினேன்.

இதைக் காசநோயாளிகளின் வீட்டாருக்காக எழுதுகிறேன். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் போகலாம். ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் வன்னியில் இருந்து போருக்குத் தப்பி, படகேறி, மண்டபம் அகதி முகாம் வழியாகப் பெங்களூர் வந்தவர்கள். அது தொண்ணூறுகளின் கடைசி. சிலோன்காரர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்களின் முகம் மாறிவிடும். லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ் ஆலயத்துப் பாஸ்டர்தான் ஞாயிறு பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்துவிட்டார். நாங்கள் சைவர்கள் என்று முதல் நாளே சொன்னோம். "அதனால என்னங்க, மழையில நிக்கவா முடியும்?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

அரசாங்கக் காசநோய் மையத்தில் சளிப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இருந்தது. முதல் கட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, அங்கேயே போய் ஊழியர் கண்ணெதிரில் மருந்தை விழுங்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் (சளியில் கிருமி மறைந்த பிறகு தொடரும் மாதங்களில்) திங்கள் மட்டும் அங்கே, மற்ற இரண்டு நாளும் வீட்டில். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மருந்து.

முதல் கட்டம் நன்றாகப் போனது. முகத்தில் சதை வைத்தது. ஆலயத்துப் பெண்கள் அவருக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தொடங்கியது அப்போதுதான். காலை முதல் ஒன்றும் உண்ணாமல் மண்டபத்தில் கூடி, சாயங்காலம் கஞ்சியோடு முடிப்பார்கள். அவர் பெயரைச் சொல்லி அழுவார்கள். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூட அப்படி அழுவார்களா தெரியாது.

அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர். இரண்டு இட்லியும் மாத்திரையும் முடித்துவிட்டு வந்துதான் உபவாசத்தில் உட்காருவார்கள். "ஆண்டவருக்குத் தெரியாததா?" என்று சிரிப்பார்கள். பாஸ்டரின் மனைவி எஸ்தர் எல்லார் முன்னாலும் என் கணவரிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது: "அண்ணா, நோயாளிக்கு உபவாசம் கெடையாது. நீங்க நல்லா சாப்டுங்க, நாங்க பாத்துக்கறோம்." அவர் தலையாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் நான் விடியவே பிரேசர் டவுனில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்விடுவேன். திரும்பும்போது அவர் மண்டபத்தின் கடைசி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மருந்து முடிந்து சில மாதங்களில் சளியில் இரத்தம் வந்தது. மறுபடி காசநோய் மையத்தின் அதே நீள நடைக்கூடம், அதே பெஞ்சு. இந்த முறை சளியை வளர்ப்புச் சோதனைக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதைக் கொல்கிறது என்று பார்ப்பது) அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம். முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் கிருமி கட்டுப்படவில்லை.

மருத்துவர் கன்னடக்காரர். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். "மாத்திரை ஒழுங்கா சாப்ட்டீங்களா? ஒரு நாளும் விடலயா?"

"விடேல்லை டொக்டர்" என்றார் என் கணவர். பிறகு, நல்ல பிள்ளைபோலச் சேர்த்துக்கொண்டார்: "வீட்டில போடச் சொல்லித் தந்த பிறகு வெள்ளிக்கிழமையில மட்டும் எடுக்கேல்லை. அண்டைக்கு விரதமெல்லோ."

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். "வாரத்துக்கு மூணு நாள்தான் மருந்து. அதுல ஒண்ணு போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?"

எங்கள் ஊரில் விரதம் என்றால் விரதம். இவர் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடாத வளர்ப்பு. இட்லி சாப்பிட்டுவிட்டு இருக்கும் உபவாசத்தை அவரால் உபவாசமாக நினைத்தே பார்க்க முடியவில்லை. அவர்களுடைய உபவாசத்தை எங்களுடைய கட்டுப்பாட்டோடு பிடித்திருக்கிறார்.

வெளியே வந்து நான் கத்தினேன். நடைக்கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்காகச் சனம் பட்டினி கிடக்குது. நான் மட்டும் வாயில போடுறதோ?" என்றார்.

"அந்தக் குளிசையளை என்ன செய்தனீங்கள்?"

குரோட்டன்ஸ் செடிக்கு அடியில் புதைத்தாராம். ஜெப நாளில் மருந்தைக் குப்பையில் போட மனம் வரவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவது? அவர் மேல் கொட்டினால் இருமுகிறார். அந்தப் பெண்கள் மேல் கொட்ட அவர்கள் செய்த பாவம் என்ன? பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார்: "நீர் இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். அந்தச் சனம் தாங்காது."

நான் சொல்லவில்லை. நோய் திரும்பிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர்கள் இன்னும் உருக்கமாக உபவாசம் இருந்தார்கள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று "போதும், நிறுத்துங்கள்" என்று கத்த வேண்டும்போல இருக்கும். ஒவ்வொரு வாரமும் அடக்கிக்கொண்டேன். இப்போது வெள்ளியும் அவர் மருந்தை விழுங்கினார், நான் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன்.

கிடைத்த மாற்று மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியில் காது மந்தமானது. வயிறு எதையும் ஏற்கவில்லை. மிச்ச மருந்துகள் அந்த நாளில் அரசாங்க மையத்துக்கு வந்து சேரவில்லை. எஸ்தர் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தாள். மருத்துவரும் ஒரு கட்டத்துக்கு மேல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். என் கணவர் ஒரு புதன்கிழமை மதியம், நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போனார்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்காக யாராவது உபவாசம் இருந்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள். பிறகு உள்ளே போய் மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டாரே, நீங்கள் எதிரில் நின்று விழுங்க வையுங்கள். நம்பிக்கையான ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் முறைப்படி தகனம் செய்ய எல்லா ஏற்பாட்டையும் ஆலயத்தார்தான் செய்தார்கள். பாஸ்டர் சுடுகாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். எஸ்தர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒரு வெள்ளிக்கிழமைகூட நாங்க விடல சிஸ்டர். உங்களுக்கே தெரியுமில்ல?"

"ஓம், தெரியும்" என்றேன். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

என் சளியையும் இரண்டு முறை சோதித்துவிட்டார்கள். ஒன்றுமில்லை. ஆனாலும் மூச்சு இப்போது தானாக ஓடுவதில்லை, ஒவ்வொன்றையும் நான் இழுத்து விடுவதுபோல இருக்கிறது. கிழமைகளில் ஆறு எனக்கு அடையாளம் தெரியாமல் போகின்றன. ஏழாவதான வெள்ளி வரும்போது, வெளிச்சம் வந்ததும் வராததுமாக எழுந்து, பசி இருக்கிறதா என்று பார்க்காமல், முதல் வேலையாகச் சாப்பிட்டுவிடுகிறேன்.