டம்ளர் அக்கா வண்டியை நிறுத்திய நாள்

சீருடைச் சட்டையை மடியில் போட்டு, பக்கத் தையலைப் பிளேடால் பிரித்து, இரண்டு விரல் உள்ளே தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள் டம்ளர் அக்கா. எட்டு மாதத்தில் இது நான்காவது தடவை. டிப்போ ஸ்டோரில் வருடத்துக்கு ஒருமுறைதான் புதுச் சட்டை. "நீங்க இளைக்கிற வேகத்துக்கு நாங்க துணி தைக்க முடியுமாம்மா?" என்று ஸ்டோர்க்காரர் கையை விரித்துவிட்டார். இன்னும் ஒரு தடவை பிரித்துத் தைத்தால் மார்புப் பை அக்குளுக்குள் போய்விடும்.

பேருந்து ஓட்டுவது அவள் தொழில். இருபத்தொரு வருடமாக ஒரே தடம், ஆற்றுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வரை. பயிற்சிக் காலத்தில் வாத்தியார் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்து, "சிந்தாம ஓட்டினா வேலை, சிந்தினா வீடு" என்றாராம். மற்றவர்கள் அரை டம்ளரோடு திரும்பி வந்தார்கள். இவள் முழு டம்ளரோடு வந்தாள். வந்ததும், தாகமாக இருக்கிறது என்று அதையே எடுத்து மடக் மடக்கென்று குடித்தும் விட்டாள். பெயர் அன்று ஒட்டியது. இன்றைக்கும் அவள் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிப்பதில்லை.

உடம்பு மட்டும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. "பேருதான் டம்ளர், ஆளு அண்டா" என்பாள் கண்டக்டர். பதினான்கு வருடம் கூட ஓடியவள், விசில் என்று பெயர் வாங்கியவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. டிப்போ டாக்டருக்கு அது விளையாட்டாக இல்லை. வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது, முழு வளைவு திரும்ப முடியவில்லை என்று எழுதி, ஒரு வருடம் கெடு வைத்தார். அதற்குள் குறையாவிட்டால் டிக்கெட் கவுண்டர். அந்தக் கண்ணாடிக் கூண்டை நினைத்தாலே டம்ளர் அக்காவுக்கு மூச்சு முட்டியது. நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். நான்கு கிலோ போகும், ஐந்து கிலோ வரும். கடைசியில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் சாப்பாடு என்பது ஒரு உத்தியோகமாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு சின்ன டப்பா. ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அவள் ஒன்றையும் விடவில்லை. சிக்னலில் நிற்கும்போதுகூட வாய் அசைந்துகொண்டிருக்கும். "யாரைத் திட்டிட்டு இருக்கேக்கா?" என்பாள் விசில். அந்த ஏழு டப்பாக்களையும் தினமும் கழுவிக் கவிழ்ப்பது அவளுடைய கணவர்.

அவர் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்துகிறவர். மருந்துப் புட்டி, ஊறுகாய்ப் புட்டி, சோப்பு உறை, எதுவானாலும் அவர் பூதக்கண்ணாடிக்குத் தப்பி ஒரு புள்ளி வெளியே போகாது. வீட்டில் பேச்சு குறைவு. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து பேச்சுக்குப் பதில் பொட்டலம்தான். சாயங்காலம் ஒரு கேக் துண்டு, ஒரு க்ரீம் பன், மிட்டாய். சண்டை நடந்த மறுநாள் பொட்டலம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இருபத்து நான்கு வருடம் இப்படியே ஓடியது.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மாதம், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் இரண்டு ஸ்பூன் ஐஸ்க்ரீம் தின்றாள். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, அவர்கள் வீட்டுத் தரையிலேயே படுத்துவிட்டாள். இனிப்பு விறுவிறுவென்று குடலுக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்றாள் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர். அதோடு இனிப்புக்கு முழுக்கு. பொட்டலமும் நின்றது. அதன் பிறகு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் கணவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மறுபடியும் துடைப்பார்.

உணவு ஆலோசகர் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "சர்க்கரை இல்லைன்னு போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க. பின்னாடி சின்ன எழுத்தையும் படிங்க."

"படிக்கிறதா?" என்று கணவர் சிரித்தார். "அதுக்குத்தானேம்மா எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க."

சீருடைத் தையலை முடித்து டம்ளர் அக்கா நூலைப் பல்லால் கடித்தபோது அவர் உள்ளே வந்தார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் கையில் ஒரு பெட்டி. சாக்லேட். மேலே தங்க எழுத்தில் 'சர்க்கரை அறவே இல்லை'.

"புதுக் கம்பெனி. லேபிள் நம்ம பிரஸ்தான். நாலு தடவை நானே பார்த்து விட்டது. ஒரு கிராம் சர்க்கரை கிடையாது. வேற ஏதோ மாத்து இனிப்பு."

"எறும்பு மொய்க்குமா?"

"நேத்து ராத்திரி பூரா பிரஸ் மேசைல ஒண்ணைப் பிரிச்சு வெச்சேன். ஒரு எறும்பு எட்டிப் பார்க்கல."

"எறும்பே வேணாங்கறதை எனக்கா?" என்று அவள் கேட்டாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கேலி நின்றுவிட்டது. நான்கு சாக்லேட்டை எடுத்து மறுநாள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி முனையில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு மூன்றாவது டப்பாவைத் தின்றாள். பிறகு ஒரு சாக்லேட். ஆறு மாதத்துக்கப்புறம் நாக்கில் இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்று. காகிதத்தைப் பிரிக்கப் பிரிக்க நான்கும் போனது தெரியவில்லை. உடம்பு வேர்க்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

பாலத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அடுத்த நொடி யாரோ துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியது. வண்டியில் நாற்பத்திரண்டு பேர். பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த இடம் கிடையாது. டிப்போவுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் ஓட்டிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. இண்டிகேட்டரைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஓரம் கட்டினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை அணைத்தாள். அத்தனை வலியிலும் நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட ஆடவில்லை.

"என்னக்கா, வண்டிக்கு என்ன?" விசில் முன்னால் ஓடி வந்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். பின்னாடி வர வண்டில எல்லாரையும் ஏத்திவிடு. அந்த டயர் கடைல பாத்ரூம் இருக்கான்னு கேளு. முதல்ல அதைக் கேளு!"

பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். "ஆபீஸுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவங்க ஓட்டிட்டே மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? இறங்குங்கய்யா!" என்றாள் விசில்.

டயர் கடையில் அவள் முக்கால் மணி நேரம் இருந்தாள். நான்கு தடவை போய் வந்தாள். மாற்று டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தன் வண்டி இன்னொருவர் கையில் குலுங்கிக்கொண்டு போவதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவள் கண் கலங்கியது.

டிப்போவுக்கு வந்து தினப் பதிவேட்டை வாங்கினாள். வண்டி நின்ற காரணம் என்ற கட்டத்தில், "டிரைவருக்கு வயிற்றுப்போக்கு. ஓட்டும் நிலையில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஏம்மா, எஞ்சின் சூடாச்சுன்னு எழுதியிருந்தா யாரு கேக்கப் போறாங்க? இப்ப நான் உங்களை டாக்டர்கிட்ட அனுப்பியாகணும்."

"வண்டி மேல பழி போடக் கூடாது சார். இத்தனை வருஷத்துல அது ஒரு நாள்கூட என் மேல பழி போட்டதில்ல."

"என்னத்தைத் தின்னீங்க?"

"சாக்லேட்."

"யாரு குடுத்தாங்க?"

"தின்னது நான் சார். குடுத்தவங்களை எதுக்கு எழுதணும்?"

அவர் சிரித்தார். ஆனாலும் தாளில் எழுதியது எழுதியதுதான். ஒரு வாரம் ஸ்டியரிங் கிடையாது. டாக்டர் சரி என்று சொன்னால் மறுபடி வண்டி. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கவுண்டர்தான்.

சாயங்காலம் கணவர் வந்தபோது அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாக்லேட் பெட்டி. அவர் கையில் இன்னொரு பெட்டி. இந்தத் தடவை பெரியது.

"ஆரஞ்சு வாசனை போட்டதும் இருக்காம்" என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. டயர் கடை, பதிவேடு, ஒரு வாரம், கவுண்டர். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியைத் திருப்பினார். பின்பக்க மூலையில், எறும்புக் கால் அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"அதிக அளவில் உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்."

விரலை அந்த வரியின் மேல் வைத்தார்.

"இதுல 'போக்கு'ல ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான்தான் கண்டுபிடிச்சுப் போட்டேன். முதலாளி தட்டிக் குடுத்தார்." குரல் இறங்கிவிட்டது. "புள்ளியைப் பார்த்தேன். வரியைப் படிக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். "நானும் ஒண்ணோட நிறுத்தியிருக்கலாம். நாலு தின்னது யாரு குத்தம்?"

"இல்லம்மா. என் குத்தம்."

"சரி, பாதிப் பாதி."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைச் சரிசெய்தார். "அப்ப நான் சாயங்காலம் என்னதான் கொண்டுவரது?"

டம்ளர் அக்கா பக்கத்து நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணும் வேணாங்க. வெறுங்கையோட வாங்க. வந்து இதுல உக்காருங்க. இன்னிக்கு எந்த லேபிள்ல என்ன தப்புன்னு நீங்க சொல்லுங்க. எவன் எவன் குறுக்கே வந்தான்னு நான் சொல்றேன். இருபத்து நாலு வருஷமா தின்னாச்சு, இனிமே பேசிப் பார்ப்போமே. நாளைக்கு அப்படி வருவீங்களா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு பெட்டிகளையும் அக்குளில் இடுக்கி, அவள் பையைத் திறந்து ஏழு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காகப் பின்கட்டுப் பக்கம் போனார்.