மேனிஃபோல்டையும் கழற்றிய அன்று

என் கையெழுத்து கோணல்தான், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததில் பிழை இல்லை.

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அரியலூர்க்காரர் ஒருவர் தன் அப்பாவின் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடும். இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"புது கார்புரேட்டர் போட்டு அனுப்புய்யா," என்றார் முதலாளி.

எஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் கார்புரேட்டர் உட்காரும் குழாயான மேனிஃபோல்டின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். எஞ்சின் அதை உறிஞ்சியது, சத்தமும் மாறியது; அந்த இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது என்று புரிந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி அதன் விளிம்பில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"கார்புரேட்டர் தேய்ஞ்சது போக, இதுவும் வளைஞ்சிருக்குங்க. ரெண்டையும் மாத்தணும்."

"இடுக்குல பேஸ்ட்ட அப்பி மாட்டு. அஞ்சாங்கிளாஸ் எஞ்சினியர் சொல்லி நான் கேக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அப்படின்னா நீங்களே மாட்டிக்குங்க."

முணுமுணுத்தபடி முதலாளி என்னைத் திருச்சிக்கு அனுப்பினார். ஸ்கேலை வைத்தால் வெளிச்சம் தெரியாத மேனிஃபோல்டாகத் தேடி வாங்கிவந்து, புது கார்புரேட்டரோடு மாட்டினேன். எஞ்சின் அணையாமல் ஓடியது.

அரியலூர்க்காரர் வந்து, என்ன கோளாறு என்று கேட்டார்.

"கார்புரேட்டர்தான் சார்," என்றார் முதலாளி.

"அது மட்டும் இல்லைங்க, மேனிஃபோல்டும் வளைஞ்சிருந்துச்சு. நான்தான் கண்டுபுடிச்சேன்," என்றேன்.

முதலாளி முறைத்தார். நான் தலை குனியவில்லை.

எழுதியது மாசி ஒன்பது, வெள்ளிக்கிழமை.