‘பாத்துக்கலாம்’ என்று சொன்ன மருத்துவர்

சட்டம் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பொது மருத்துவருக்கு நிம்மதி போயிற்று. பகலெல்லாம் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் சுகாதாரச் சட்டமும் கொள்கையும் பயிலும் முதுகலை வகுப்புக்குப் போவார். ஐம்பதை எட்டும் வயதில் அறிவு வளர்ந்ததோ இல்லையோ, சந்தேகம் கிடுகிடுவென வளர்ந்தது. நோயாளி கைப்பேசியை மேசைமேல் வைத்தால், பேச்சைப் பதிவு செய்கிறாரோ என்று தோன்றும். “இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்” என்று கேட்டால், சாட்சிக்காகக் கேட்கிறாரோ என்று தோன்றும்.

அவரைச் சந்தேகிப்பவர்களுக்கும் குறைவில்லை.

“மேடம், நெசமாச் சொல்லுங்க. எங்க மேல கேஸு போடத்தானே படிக்கறீங்க?” என்று நர்ஸ் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“உங்க மேல எதுக்கு சிஸ்டர்? என் மேல யாராவது போட்டா தப்பிக்கணும்ல?”

நர்ஸ் சிரித்தார், நம்பவில்லை. வீட்டிலோ கணவர், “கனம் கோர்ட்டார் அவர்களே, காபி ஆறுது” என்று தினமும் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

இப்படியிருக்கையில், பேராசிரியர் ஒரு மாலை கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினார். காய்ச்சலுக்காக வந்தவரின் கழுத்தில் சிறு கட்டியொன்றைக் கண்ட மருத்துவர், ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்றார். நோயாளி திரும்ப வரவேயில்லை. மருத்துவர் தம் கடமையைச் செய்தாரா?

நம் மருத்துவர் குறிப்பெடுப்பதை நிறுத்தினார். அவர் வாயில் நாள்தோறும் புரளும் சொல் அது. மழைக்காலத்துக்கு முன்பு வந்த தையல்கார அம்மாவிடம் இதே சொல்லைத்தான் சொன்னார். அதே காய்ச்சல், அதே கழுத்துக் கட்டி. அந்த அம்மாவும் திரும்ப வரவில்லை.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வக்கீல் எழுந்தார். “பாத்துக்கலாம்னா நான் பொறுப்பு ஏத்துக்கறேன்னு அர்த்தம் சார். இனி டாக்டர்தான் கூப்பிடணும்” என்று சொல்லிவிட்டு, திரும்பி மருத்துவரைப் பார்த்து முறுவலித்தார்.

பின்வரிசையிலிருந்த பல் டாக்டர் விடவில்லை. “அதெப்படி? அப்புறம் யோசிப்போம்னும்தானே அர்த்தம்? எங்க வீட்டுல பெயிண்ட் அடிக்கறத பத்தி அப்படித்தான் பேசிக்கறோம்!”

வகுப்பு சிரித்தது. மருத்துவரின் கண் வக்கீலின் கறுப்புக் கோட்டைவிட்டு நகரவில்லை. தோள்பட்டைத் தையல் புதியது, நேர்த்தியானது. அந்த அம்மா தைத்துக் கொடுத்ததோ? தைக்கும்போது மனக்குறையையும் சொல்லியிருப்பாரோ? வகுப்பு முடிந்ததும் ஒன்றுமறியாதவர்போல் நெருங்கினார்.

“கோட்டு நல்லாருக்கே. எங்க தைச்சீங்க?”

வக்கீல் சட்டென்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “எதுக்குக் கேக்கறீங்க டாக்டர்?”

வேறு வழியின்றி மருத்துவர் பேராசிரியரிடமே போனார். “சார், அந்தக் கட்டி விஷயம்... யாரோட கேஸு?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நீங்க மூணாவது ஆள். உங்க வகுப்புல இருக்கற குழந்தைங்க டாக்டர் காலையிலயே போன் பண்ணிட்டாரு, முன்னாடியே கேள்விய எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு. பல் டாக்டர் இப்பதான் வந்து, நிஜத்துல அது தாடைதானே சார்னு காதுல கேட்டுட்டுப் போறாரு. அம்மா, அது யாரோட கேஸும் இல்ல. நானே எழுதினது.”

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த நிம்மதி படிக்கட்டு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வழக்குத்தான் கற்பனை, தையல்கார அம்மாவின் கழுத்திலிருந்த கட்டி கற்பனையன்று. இவ்வளவு நேரமும் தம் கழுத்தைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறோம் என்று உறைத்தது.

மறுநாள் காலை நர்ஸ் எண்ணைத் தேடித் தர, அவரே அழைத்தார். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்களே கூப்பிடறீங்களா? என்னத்த மறைக்கறீங்க டாக்டர்?”

“எதையும் மறைக்கலம்மா. அந்தக் கட்டிய நான் அன்னிக்கே சரியா சோதிச்சிருக்கணும்.”

“நீங்கதானே பாத்துக்கலாம்னீங்க? பெருசா ஒண்ணும் இல்லபோலன்னு விட்டுட்டேன். இப்ப என்ன, ஆஸ்பத்திரிக்கு ஆளு கொறஞ்சுபோச்சா? டெஸ்ட்டு எழுதிப் பில்லு போடவா?”

மருத்துவர் சொற்களைத் தேர்ந்தெடுத்துச் சொன்னார். “வெள்ளிக்கிழமை காலையில வாங்க. ஸ்கேன் எடுப்போம். தேவைப்பட்டா சின்ன ஊசியால கொஞ்சம் எடுத்துச் சோதிப்போம். பெரும்பாலும் பயப்படும்படியா இருக்காது. ஆனா பார்க்காம அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்ல.”

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

“சரி டாக்டர். பாத்துக்கலாம்.”

மருத்துவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருவாரா, மாட்டாரா? “அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்மா! வரேன், வரல, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

இயந்திரம் நின்றது.

“வரேன். ஆனா என் தங்கச்சியும் கூட வருவா. நீங்க சொல்றத எல்லாம் போன்ல பதிவு பண்ணிக்குவா. பரவால்லையா?”

எதிரே நர்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“பண்ணட்டும்மா” என்றார் மருத்துவர். “போன்ல சார்ஜ் நிறையப் போட்டுட்டு வரச் சொல்லுங்க.”